பழைய சிபாக்ரோம் பெட்டியைப் பிரிக்கலாமா? ஸ்லைடிலிருந்து நிறப் பிரிண்ட் போடும் வழிகள்

ஸ்டூடியோவைக் காலி செய்த நண்பர் ஒருவர், “உனக்குத்தான் இந்தப் பைத்தியம் இருக்கே, வச்சுக்கோ” என்று ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். இல்ஃபோக்ரோம் கிளாசிக் (ஸ்லைடிலிருந்து நேரடியாக நிறப் பிரிண்ட் போடும் சிபாக்ரோம் தாளின் பிற்காலப் பெயர்), எட்டுக்குப் பத்து அங்குலம், பளபளப்பு ரகம், 50 தாள். சீல் உடையவில்லை. கூடவே பாதி தீர்ந்த ரசாயன கிட் ஒன்று. அதன் டெவலப்பர் பாட்டிலில் டிகாஷன் நிறத்தில் ஏதோ இருந்தது. பெட்டியை ஃப்ரீஸரில் வைத்தேன். ஐஸ்க்ரீமுக்கு இடமில்லை என்று வீட்டில் இரண்டு மாதம் புகார்.

அந்த இரண்டு மாதமும் எனக்குள் ஓடியது ஒரே கேள்வி. பெட்டியைப் பிரிப்பதா, அப்படியே விற்றுவிட்டு இன்றும் கிடைக்கிற நிறத்தாளில் வேறு வழியாகப் பிரிண்ட் போடுவதா, பேசாமல் ஸ்கேன் செய்து அச்சுக்குக் கொடுப்பதா? ஸ்லைடு வைத்திருக்கிற, ஃபிலிம் படத்தைத் தாளில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜரும் வைத்திருக்கிற சிலருக்காவது இதே கேள்வி இருக்கும். ஒவ்வொரு வழியாக எடுத்து, எதில் எது கிடைக்கும், எது போகும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஸ்லைடின் குணத்தைச் சொல்ல வேண்டும். எல்லா வழிகளிலும் தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்லைடு என்பது ஒளி ஊடுருவும் ஃபிலிமிலேயே சரியான நிறத்தில் முடிந்துபோன படம். இருட்டில் திரையில் காட்டுவதற்காகச் செய்தது. அதன் மிகக் கருப்பான இடம், மேல் விழுகிற ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கடக்க விடாது. தாளில் உள்ள நல்ல கருப்போ, விழுகிற ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆயிரம் படியை நூறு படிக்குள் இறக்க வேண்டும். நெகட்டிவில் இந்தத் தொல்லை இல்லை. பிரிண்ட் போடுவதற்கென்றே அதை மந்தமான கான்ட்ராஸ்ட்டில், அதாவது கருப்புக்கும் வெளுப்புக்கும் வித்தியாசம் குறைவாக, செய்திருக்கிறார்கள். தாள் தன் பங்குக்கு முறுக்கேற்றிக்கொள்ளும். ஏற்கெனவே முறுக்காக இருக்கிற ஸ்லைடை முறுக்கான தாளில் அடித்தால் நிழலெல்லாம் தார், வெயிலெல்லாம் சுண்ணாம்பு. ஆகவே எந்த வழியைப் பற்றிக் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது கான்ட்ராஸ்ட்டை எங்கே, எப்படி அடக்குகிறது என்பதுதான். நிறம், பளபளப்பு, ஆயுள் எல்லாம் அதற்குப் பிறகு.

நெகட்டிவில் பிரிண்ட் போட்டுப் பழகிய கை இங்கே சிலவற்றைத் தலைகீழாகக் கற்க வேண்டும். ஒளியைக் கூட்டினால் பிரிண்ட் வெளுக்கும். என்லார்ஜரின் நிற ஃபில்டரில் மஞ்சளைக் கூட்டினால் படமும் மஞ்சளாகும். இது ஒருவகையில் நிம்மதி, மனக்கணக்கு வேண்டாம். தாளின் ஓரத்தில் ஒளி படாத இடம் கருப்பு விளிம்பாக வரும். தூசிதான் மோசம். நெகட்டிவில் ஒட்டிய தூசி பிரிண்டில் வெள்ளைப் புள்ளி. தூரிகையால் சாயம் தொட்டு மறைத்துவிடலாம். ஸ்லைடில் ஒட்டிய தூசி கருப்புப் புள்ளி. கருப்பை எதைத் தொட்டு மறைப்பீர்கள்? நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்லைடென்றால் இன்னும் சிக்கல். தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம், பூஞ்சை தின்ற இடத்தில் கரைந்து படமே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

சிபாக்ரோம் மற்ற நிறத்தாள்களைப் போல அல்ல. மற்றவற்றில் சாயம் ரசாயனத்தில் கழுவும்போது உருவாகிறது. இதில் மூன்று சாயமும் தாளிலேயே முழு அளவில் இருக்கும். கழுவும்போது வேண்டாததை அழிக்கிறோம். ஒளி பட்ட இடத்தில் டெவலப்பர் வெள்ளியை உண்டாக்கும்; அந்த வெள்ளி இருக்கிற இடத்தில் மட்டும் பிளீச் சாயத்தைத் தின்னும். மிச்சம் இருப்பது படம். 1930-களில் பேலா காஸ்பார் என்ற ஹங்கேரியர் இந்தத் தத்துவத்தில் காஸ்பார்கலர் என்ற சினிமா முறையைச் செய்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சாயக் கம்பெனியான சிபா, 1963-இல் இதைப் பிரிண்ட் போடும் பொருளாக வெளியிட்டது. பின்னாளில் இல்ஃபோர்டு என்ற ஃபிலிம், தாள் நிறுவனத்தின் கைக்குப் போய் இல்ஃபோக்ரோம் என்று பெயர் மாறியது. ஆனால் டார்க்ரூமில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, கடைசி வரை சிபாதான். ஃப்ரிபூர் அருகே மார்லி என்ற ஊரில் ஆலை. 2011-இல் கடைசி உற்பத்தி என்று அறிவித்தார்கள். 2013 முடிவில் அந்த சுவிஸ் நிறுவனமே திவாலானது. ஆக, இன்று உலகில் இருக்கிற ஒவ்வொரு தாளும் தேதி முடிந்த தாள்.

எதற்கு இவ்வளவு ஏங்குகிறோம் என்றால், பார்த்தவர்களுக்குத் தெரியும். பளபளப்பு ரகம் காகிதமே அல்ல, வெள்ளைப் பாலியெஸ்டர். சாயம் முன்பே இருப்பதால் ஒளி அடுக்குகளுக்குள் சிதறாமல் உறிஞ்சப்பட்டு, கோடு கத்தி போல விழும். அசோ வகைச் சாயங்கள் ஆல்பத்தில், இருட்டில் இருந்தால் அசையாது. சுவரில் மாட்டினால் கதை வேறு. தொடர்ந்து வெளிச்சம் பட்டால், பின்னாளில் வந்த நல்ல நிறத்தாள்கள் இதைவிட மேலாகத் தாங்குகின்றன. “சிபா மங்காது” என்று நம்பிக் கூடத்தில் வெயில் படும் சுவரில் மாட்டியவர்கள் ஏமாந்தார்கள்.

பழைய பெட்டியை நம்பலாமா என்பதற்கு ஒரு தாள் போதும், அதிலும் பாதி போதும். இருட்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை ஒளி காட்டாமலே கழுவுங்கள். மற்றொன்றை அறை விளக்கில் நன்றாகக் காட்டிவிட்டுக் கழுவுங்கள். ஒளி காணாத துண்டு அடர் கருப்பாக வர வேண்டும். ஒளி கண்டது சுத்த வெள்ளையாக வர வேண்டும். இரண்டாவது துண்டு கருப்பாகவே இருந்தால் டெவலப்பர் செத்துவிட்டது. கலங்கலான நிறத்தில் நின்றால் பிளீச்சைச் சந்தேகப்படுங்கள். முதல் துண்டு கருப்பாக வராமல் வெளிறி வந்தால் ரசாயனத்தின் மேல் பழியில்லை, தாளே புகைந்திருக்கிறது. வயதாக ஆக வெள்ளி உப்பு தானாகவே கொஞ்சம் விழித்துக்கொள்ளும். அந்த வெள்ளி இருக்கும் இடத்தில் பிளீச் சாயத்தைத் தின்றுவிடும். சாதாரண நிறத்தாள் புகைந்தால் வெள்ளை அழுக்காகும். இதில் கருப்பு போய்விடும். ஸ்லைடு பிரிண்டில் கருப்பு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

என் பெட்டியின் கருப்பு நாவல்பழத் தோல் நிறத்தில் வந்தது. மஞ்சள் சாய அடுக்குதான் அதிகம் புகைந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டரால் இதைச் சரி செய்ய முடியாது. மஞ்சளைக் கூட்டினால் நிழலின் நீலம் குறையுமோ இல்லையோ, மேகம் மஞ்சளாகிவிடும். இதோடு வாழப் பழக வேண்டும், அல்லது நிழலே இல்லாத ஸ்லைடாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

ரசாயனம் அடுத்த தடை. வீட்டு உபயோகத்துக்கு வந்த பி-30 கிட்டில் 24 டிகிரியில் டெவலப்பர் மூன்று நிமிடம், பிளீச் மூன்று, மிச்ச வெள்ளி உப்பைக் கரைக்கும் ஃபிக்ஸர் மூன்று, பிறகு தண்ணீரில் கழுவல். இதில் டெவலப்பருக்கும் ஃபிக்ஸருக்கும் மாற்று எளிது. கருப்பு-வெள்ளைத் தாள் டெவலப்பரே வேலை செய்யும், தண்ணீர் கூட்டிக் கலந்தால் கான்ட்ராஸ்ட்டும் சற்றுத் தணியும். பிளீச்தான் எல்லாம். கடும் அமிலம், அயோடைடு, ஒரு கரிம வினையூக்கி. சீல் உடையாத பழைய பிளீச் கிடைத்தால் பெட்டிக்கு மதிப்பு உண்டு. இல்லையென்றால் நீங்களே கலக்க வேண்டும். வீட்டில் அமிலம் கலக்கிப் பழக்கமில்லாதவர் இதைத் தொடங்கக்கூடாது என்பது என் கருத்து. காற்றோட்டம், கையுறை, கண்ணாடி. உபயோகித்த பிளீச்சை அப்படியே சாக்கடையில் ஊற்றாமல், பெரிய பிளாஸ்டிக் வாளியில் சோடா உப்பை மெதுவாகப் போட்டு, பொங்கி அடங்கிய பிறகே அகற்ற வேண்டும். இன்னொன்று, சென்னையில் மே மாதக் குழாய்த் தண்ணீர் 24 டிகிரியில் வராது. ஐஸ் போட்ட தொட்டியில் பாட்டில்களை நிறுத்தி வைத்துத்தான் வேலை.

கான்ட்ராஸ்ட்டை சிபா அடக்குவதில்லை, இன்னும் கூட்டுகிறது. அதற்கு மருந்து மாஸ்க். ஸ்லைடின் மேல் ஒரு தெளிவான தகடு, அதன் மேல் கருப்பு-வெள்ளை ஃபிலிம் வைத்து ஒளி காட்டி, மிக மந்தமாகக் கழுவினால், மங்கலான, மென்மையான நெகட்டிவ் ஒன்று கிடைக்கும். அதை ஸ்லைடோடு சேர்த்து வைத்து என்லார்ஜரில் போட்டால், வெயில் பட்ட இடங்களில் மட்டும் மாஸ்க் ஒளியைத் தடுக்கும். அந்த நேரத்தில் நிழலுக்கு வேண்டிய ஒளி கிடைத்துவிடும். நடுவில் தகடு வைத்து வேண்டுமென்றே மங்கலாக்குவதில் இரட்டை லாபம். பொருத்துவது சுலபமாகும், விளிம்புகளும் கூர்மையாகத் தெரியும். அமெரிக்காவின் ஓரிகனில் கிறிஸ்டோபர் பர்க்கெட் என்ற புகைப்படக் கலைஞர் பெரிய ஷீட் ஸ்லைடுகளில் இப்படித்தான் மாஸ்க் செய்து பிரிண்ட் போட்டு வந்தார். உற்பத்தி நிற்கப் போகிறது என்றதும் தாளை மொத்தமாக வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டார். 35 மி.மீ. ஸ்லைடில் இதே காரியம் தலைமுடி அளவு நகர்ந்தாலும் கெடும். நான் மூன்று முறை முயன்று ஒருமுறை பொருத்தினேன்.

கோடாக்கின் எக்டாக்ரோம் தாள், ஆர்-3 என்ற ரசாயன முறையில் கழுவுவது, பழைய பெட்டிகளில் சிலசமயம் கிடைக்கும். ஸ்லைடுக்கென்றே மென்மையாகச் செய்த தாள் என்பதால் கான்ட்ராஸ்ட் விஷயத்தில் சிபாவைவிட நல்ல பிள்ளை. ஆனால் வயதை சிபா அளவுக்குத் தாங்காது. நான் கழுவிப் பார்த்த ஒரே பெட்டி செங்கல் நிறத்தில் வந்தது. விற்றவர் குளிரில் வைத்திருந்ததாகச் சொன்னார். அலமாரி குளிராக இருந்திருக்கும்போல. இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது நான் அதிகம் செய்வது ஆர்ஏ-4 ரிவர்சல். ஆர்ஏ-4 என்பது இன்றைய நிறத்தாள்களைக் கழுவும் ரசாயன முறை; அதைத் தலைகீழாக்குவது ரிவர்சல். நெகட்டிவுக்கென்று இன்றும் தயாராகிற சாதாரண நிறத்தாள், ஃபூஜி கிரிஸ்டல் ஆர்கைவ் போன்றது, அதிலேயே ஸ்லைடை அடிப்பது. இருட்டில் ஒளி காட்டி, முதலில் கருப்பு-வெள்ளைத் தாள் டெவலப்பரில் இரண்டு நிமிடம். டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவல். இங்கே தாளில் சாம்பல் நிற நெகட்டிவ் ஒன்று நிற்கும். விளக்கைப் போடுங்கள். ஆம், முழு விளக்கு. மிச்சமிருக்கிற வெள்ளி உப்பு முழுவதும் ஒளி கண்ட பிறகு நிற டெவலப்பரில் போட்டால், அந்த அழுக்குச் சாம்பலுக்குள்ளிருந்து பாசிட்டிவ் படம் நிறத்தோடு கிளம்பும், கண் முன்னால், வெளிச்சத்தில். பிறகு பிளீச்-ஃபிக்ஸ் வெள்ளியை எடுத்துவிடும். சிபாவில் முழுநேரமும் ஒளி புகாத ட்ரம்முக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் காத்திருப்போம். இதில் அந்த ஒரு நிமிடத்துக்காகவே மறுபடி செய்யத் தோன்றும்.

நிற டெவலப்பருக்குச் சொல்லப்பட்ட கணக்கு 35 டிகிரியில் 45 வினாடி. நம் அறை வெப்பத்தில் இரண்டு நிமிடம் விட்டால் முடிந்துவிடுகிறது. சூடாக்கவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். நம் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த முறை என்பேன். நிற டெவலப்பர் ஒரு சொட்டு முதல் ட்ரேயில் விழுந்தால் திட்டுத்திட்டாக நிறம் ஏறும், இடுக்கிகளை மட்டும் தனித்தனியாக வையுங்கள்.

குறை என்ன? கான்ட்ராஸ்ட்தான். இந்தத் தாள் மந்தமான நெகட்டிவுக்குப் பிறந்தது, ஸ்லைடைக் கண்டால் முறைக்கும். நிற நெகட்டிவ் ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் ஆரஞ்சு நிறத்தையும் (ஆரஞ்சு மாஸ்க்) அது எதிர்பார்க்கிறது. ஸ்லைடில் அது இல்லாததால் மஞ்சளும் மெஜந்தாவும் நிறையக் கூட்ட வேண்டும். ஒளி காணாமல் கழுவின நெகட்டிவ் ஃபிலிம் துண்டு ஒன்றை ஃபில்டர் தட்டில் வைத்தால் பாதி வேலை முடியும். முறைப்பைத் தணிக்க ஃப்ளாஷ் கொடுக்கலாம்: படத்துக்கு முன்னாலோ பின்னாலோ தாள் முழுவதற்கும் மிக மெல்லிய ஒளி. நெகட்டிவ் பிரிண்டில் ஃப்ளாஷ் வெள்ளையில் விவரம் தரும். இங்கே தலைகீழ், நிழலைத் திறக்கும். அளவு மீறினால் கருப்பு சாம்பலாகும். இவ்வளவு செய்தாலும் நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று சாய்வு கொஞ்சம் தங்கும். முகங்களில் அது உறுத்தும். பாறை, கடல், சுவர் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்டர்நெகட்டிவ் வழி, அவசரமில்லாதவர்களுக்கு. ஸ்லைடை நிற நெகட்டிவ் ஃபிலிமில் நகலெடுத்து, அதை வழக்கம்போல் பிரிண்ட் போடுவது. கான்ட்ராஸ்ட்டை இங்கே தாளில் அல்ல, நடுவில் இருக்கிற ஃபிலிமில் அடக்குகிறோம். முன்பு இதற்கென்றே கோடாக்கும் ஃபூஜியும் தனி ஃபிலிம் வைத்திருந்தார்கள், வெளிச்சப் பகுதி நசுங்காமல் இருக்க வளைவை மாற்றிச் செய்தது. அவை போய்விட்டன. இப்போது போர்ட்ரா 160 போல மென்மையான ஃபிலிமில் கொஞ்சம் அதிகம் ஒளி காட்டி, நிற நெகட்டிவ் ஃபிலிமுக்கான சி-41 டெவலப்பரில் நேரத்தைக் குறைத்துக் கழுவுவார்கள். ஒரு தலைமுறை நகல் என்பதால் கூர்மை குறையும், ஃபிலிமின் மணல் போன்ற சொரசொரப்பு ஏறும். ஆனால் ஒருமுறை நல்ல நெகட்டிவ் கிடைத்துவிட்டால் ஒரே படத்தை இருபது பிரிண்ட் போடலாம், ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வரும். கல்யாணத்துக்குப் போய் எடுத்த ஸ்லைடைச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கேட்டால் இதுதான் வழி.

டை டிரான்ஸ்ஃபர் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் யாராவது கோபிப்பார்கள். ஸ்லைடிலிருந்து சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களால் மூன்று பிரிவு நெகட்டிவ், அவற்றிலிருந்து சாயத்தை உறிஞ்சும் மூன்று ஜெலட்டின் அச்சு (மேட்ரிக்ஸ்), ஒவ்வொன்றையும் சாயத்தில் ஊறவைத்து ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டிப் பதிப்பது. சாயத் தொட்டியில் அசிட்டிக் அமிலத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு நிறத்தின் கான்ட்ராஸ்ட்டையும் தனித்தனியே ஆளலாம். டார்க்ரூமில் மற்ற முறைகளில் இவ்வளவு அதிகாரம் கிடைப்பது அரிது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகில்ஸ்டன், சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலில் இந்த முறை உச்சியில் இருந்ததைப் பார்த்து இதற்குள் நுழைந்தார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 1976-இல் அவர் வைத்த படங்கள் இந்த வகைதான். கோடாக் 1940-களில் கொண்டுவந்து 1990-களில் பொருட்களை நிறுத்தியது. மேட்ரிக்ஸ் ஃபிலிமைத் தாங்களே பூசிக்கொள்கிற சிலர் இன்னும் செய்கிறார்கள். அது வாழ்க்கையையே கேட்கும் வேலை; வார இறுதிக்காரர்களுக்குத் தேர்வே அல்ல.

ஸ்கேனை டார்க்ரூம்காரர்கள் ஏளனம் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆயிரம் படியை நூறு படிக்குள் இறக்கும் வேலையை அது அலட்டாமல் செய்கிறது. நிறம் போய்ச் சிவந்துவிட்ட பழைய எக்டாக்ரோம் ஸ்லைடை மீட்க வேறு வழியும் இல்லை. ஸ்கேனை லேசர் ஒளியால் நிறத்தாளில் படம் போடும் லேப் பிரிண்டரில் கொடுத்தால் அதே ஆர்ஏ-4 தாளில்தான் படம் வரும், அதே ரசாயனத்தில் கழுவி. கோடாக்ரோம் ஸ்லைடு என்றால் ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கியை நம்பாதீர்கள். படத்தையே தூசி என்று எண்ணி விவரத்தைத் தின்றுவிடும். தூசியை முன்பே ஊதித் தட்டிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

ஆக, என் பெட்டியை என்ன செய்தேன்? பிரித்துவிட்டேன், ஆனால் ஸ்லைடுகளைப் பார்த்த பிறகு. லைட் டேபிளில் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்தேன். நண்பகல் வெயிலில் எடுத்த கோபுரம், கண் கூசும் கடற்கரை: இவை சிபாவுக்கோ ரிவர்சலுக்கோ இல்லை, இன்டர்நெகட்டிவ் அல்லது ஸ்கேன். ஆட்கள் இருக்கிற, பல பிரதி வேண்டிய குடும்பப் படங்கள்: ஸ்கேன், யோசிக்காமல். மூன்றாவது சிறிய குவியல் மேகமூட்டம், மழை, மூடுபனி. கொடைக்கானலில் ஐந்தடி தள்ளி ஒன்றும் தெரியாத ஒரு காலையில் எடுத்த பதினாறு ஸ்லைடு. முறுக்கில்லாத இந்த ஸ்லைடுகளுக்கு சிபாவின் முறுக்கு மருந்தாகிறது. மாஸ்க் வேண்டாம். ஆழ்ந்த கருப்பே படத்தில் இல்லாததால் நாவல்பழ நிறம் வெளியே தெரியவில்லை. தெரிந்த ஓரிரு இடத்தில் பனியின் நீலத்தோடு சேர்ந்துவிட்டது.

உங்கள் குவியலில் அப்படிப்பட்ட ஸ்லைடு இல்லையென்றால் பெட்டியை விற்றுவிடுங்கள். துண்டு வெட்டிச் சோதித்த முடிவை வாங்குகிறவரிடம் சொல்லி விற்றால் போதும். ரிவர்சலுக்கான தாள், நிற டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ் எல்லாம் அந்தக் காசில் வரும். முதல்முறை முயல்கிறவர்கள் எப்படியும் ரிவர்சலில் தொடங்குவதே நல்லது. அதில் பத்துத் தாள் வீணானால் மறுபடி வாங்கலாம்.

பிரிப்பதென்று முடிவெடுத்தால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே பிரிக்காதீர்கள். முந்தின இரவே வெளியே எடுத்து, உறையோடு அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் முத்துமுத்தாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேண்டிய தாள்களை இருட்டில் எண்ணி எடுத்து, மிச்சத்தை இரண்டு உறை போட்டு மூடித் திரும்ப வைத்துவிடுங்கள். என்னுடையதில் இன்னும் 23 தாள் இருக்கிறது, பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே.